கொழும்புக்கு எழுதிட்டாங்களா?

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன்பே "கொழும்புக்கு எழுதிட்டாங்களா?" என்று கேட்கிற ஊர் நம்முடையது. எழுதிவிட்டார்கள் என்றால் வருத்தம் பெரிது. இல்லையென்றால் அல்ஹம்துலில்லாஹ், புத்தளத்தோடோ சிலாபத்தோடோ முடிந்துவிடும். நுரைச்சோலையிலிருந்து பாலாவிச் சந்திக்கு வந்து, சிலாபம், நீர்கொழும்பு தாண்டி கொழும்பு போய்ச் சேர சுமார் 150 கிலோமீற்றர். விடியக் கிளினிக் நம்பர் எடுக்க வேண்டுமானால் நடுச்சாமத்திலேயே வீட்டை விட்டு இறங்க வேண்டும். சுபஹைப் போகிற வழியில்தான் தொழ வேண்டும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று வாரமாக வரவில்லை. விசாரித்தோம். உம்மாவுக்கு மஹரகமவில் கதிர் சிகிச்சை. கிழமையில் ஐந்து நாள், பல கிழமைகளுக்கு. மூத்தவள் உம்மாவோடு துணைக்குப் போய்விட்டாள். வாப்பா கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. எனவே வீட்டையும் தம்பிமாரையும் பார்க்க இந்தப் பிள்ளை நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், சிகிச்சை பாதியில் இருக்கும்போதே அந்த உம்மா ஊருக்குத் திரும்பி வந்திருந்தார். "மருந்துக்குக் காசு கேக்கல்ல சேர். படுக்கவும் போய்வரவும்தான் காசு போகுது" என்றார்.

ஸ்டாப் ரூமில் காசு சேர்த்தோம். அவர் திரும்பப் போனார், முழுவதையும் முடித்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் காசு சேர்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் சொன்ன வார்த்தைதான் மனதில் நின்றுவிட்டது. "கொழும்பு ஆஸ்பத்திரி கொழும்பு ஆக்களுக்குக் கட்டினது. நாம அங்க விருந்தாளி" என்றார். உண்மையா? சரித்திரம் படிப்பிக்கிறவர்களும் எங்களுக்குள் இருப்பதால் கொஞ்சம் தேடி, பேசி, சேர்த்துப் பார்த்தோம்.

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்கிற தேசிய வைத்தியசாலை 1864இல் தொடங்கியது. இன்று 3,000 கட்டில்களுக்கு மேல். அதற்கும் முன்பே, 1831இல், ஆளுநர் வில்மட் ஹோட்டனின் காலத்தில், 'ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி' என்ற சங்கம் கொழும்பில் உண்டானது. கஷ்டத்தில் கைகொடுக்கிற சிநேகிதன் என்று அர்த்தம். ஏழைகளுக்கு, அனாதைகளுக்கு, வேலை செய்ய முடியாதவர்களுக்கு அந்தக் காலத்து அரசாங்கம் தானாக எதுவும் செய்யவில்லை. வசதியுள்ளவர்கள் சந்தா போட்டுச் செய்தார்கள். அந்தச் சங்கம் இன்னும் இருக்கிறது. 1985இலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிறது. சீனி வருத்தத்தில் காலை இழந்தவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள், அதனால் இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1870இல் மருத்துவக் கல்லூரி வந்தது. இந்த இடத்தில் எங்களுக்கே ஆச்சரியம். கொழும்பில் ஏன் டாக்டர்மாரை உருவாக்கத் தொடங்கினார்கள்? வன்னிக் கிராமங்கள் 'பறங்கி' என்கிற புண் நோயால் ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்துவர டாக்டர் ஜேம்ஸ் லூஸ் என்பவரை ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் அனுப்பினார். லூஸ் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் கல்லூரி. முதல் அதிபரும் அவரே. நம் கடலேரிக்கு வடக்கே காட்டுக் கிராமங்களில் கிடந்த புண்ணுக்காகத் திறந்த கல்லூரி அது. அப்படியிருக்க, நாம் எப்படி விருந்தாளி?

1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் நன்கொடையில் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிள்ளைகளுக்கென்று லேடி ரிஜ்வே. லிப்டன் சுற்றுவட்டத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற பழைய கண் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு 1903இல் அடிக்கல் வைத்தார்கள். அதன் அருகில்தான் தெவட்டகஹ பள்ளி. பெரியாஸ்பத்திரிக்குப் போன நம்மவர்களில் அந்தப் பள்ளியில் ஒழு எடுத்து, இரண்டு ரக்அத் தொழுது, தூணில் சாய்ந்து கண்ணயராதவர் குறைவு. அந்த நகரத்தில் நோயாளியோடு வந்தவர் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இடங்கள் எத்தனை? எங்களுக்கு எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

இந்தப் பக்கம் தர்மம் என்றால், மறுபக்கம் துறைமுகப் பயம். கொழும்பு கப்பல்களின் நகரம். கப்பலில் சரக்கோடு நோயும் வரும், வியாபாரம் நின்றுவிடும் என்பதுதான் வெள்ளைக்காரனுடைய பெரிய கவலை. 1897இல் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1914 ஜனவரியில் பிளேக் கொழும்புக்குள் வந்தே விட்டது. எலிகளோடு வந்த நோய். அடி வாங்கியவர்கள் புறக்கோட்டையின் நெருக்கமான ஒழுங்கைகளில் வாழ்ந்த ஏழைகள். தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளர்களோ கடலைக் கடக்கும் முன்னரே மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். நோயைத் தடுப்பது என்ற பெயரில் ஆட்களை எண்ணுவதும் அடைப்பதும் அப்போதே பழகிப்போனது.

அந்த 1897 சட்டத்தை நாம் யாரும் படித்திருக்க மாட்டோம். ஆனால் 2020இல் அது நம் வீட்டுக்குள் வந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அந்தச் சட்டத்தின் கீழ்தான் வந்தது. கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்க வேண்டும் என்றது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த வருடம் டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு பிள்ளையும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் எல்லாரும் கட்டினார்கள், அதை மறக்கக்கூடாது. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த மாதங்களில் நம் ஊரில் காய்ச்சலை மறைத்தவர்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லாமல் அல்ல, திரும்பி வராத ஜனாஸாவை நினைத்துப் பயந்து. நம்பிக்கை போனால் ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருந்தும் ஆள் உள்ளே போகாது என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதே மாதங்களில் பிளாஸ்டிக் உடைக்குள் வியர்த்துக்கொண்டு நம் ஆட்களைப் பார்த்த மிஸ்ஸிமாரும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

சரி, திரும்ப வருவோம். கொழும்பின் பெரிய கட்டடங்களால்தான் இந்த நாட்டில் சாவு குறைந்தது என்று நினைத்தால் அது பாதிக் கதை. மீதிக் கதை 1926இல் களுத்துறையில் தொடங்குகிறது. ராக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு அங்கே முதல் சுகாதாரப் பிரிவு திறந்தார்கள். ஒரு எம்.ஓ.எச், அவருக்குக் கீழே பி.எச்.ஐ, மிட்வைஃப். நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை பார்த்திருக்காமல், கிணற்றையும் கக்கூசையும் கர்ப்பிணியையும் தேடி இவர்கள் போனார்கள். அந்த முறைதான் இன்று நம் ஒழுங்கை வரை வந்து நிற்கிறது.

அதற்குள் 1934-35 மலேரியா. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, அங்கங்கே தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகி, சில மாதங்களில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1931இலேயே எல்லாருக்கும் வாக்குரிமை வந்திருந்ததால், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் கேட்டு அரசாங்க சபையில் சண்டை போட வேண்டியதாயிற்று. நம் மூத்தவர்கள் 'குளிர்க்காய்ச்சல்' என்று சொல்வார்களே, கொயினாவின் கசப்பைச் சொல்லி முகத்தைச் சுளிப்பார்களே, அதுதான். பிறகு வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி அடித்துப் போனார்கள். 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 ஆக இறங்கியது. 1960களின் கடைசியில் மலேரியா திரும்ப வந்தது, யுத்த காலத்திலும் இருந்தது. 2016 செப்டெம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இன்று எங்கள் வகுப்பில் மலேரியா என்றால் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தில் வருகிற ஒரு சொல். அவ்வளவுதான்.

பிரசவத்தை எடுங்கள். 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 உம்மாமாருக்கு மேல் இறந்தார்கள். இன்று அது மிகவும் குறைந்துவிட்டது. இது டி சொய்சா ஆஸ்பத்திரி மட்டும் செய்த வேலை என்றால் கொழும்பில் மட்டும்தான் குறைந்திருக்கும். கையில் கொப்பியோடு, முன்பு சைக்கிளில், இப்போது ஸ்கூட்டரில், வெங்காயத் தோட்டத்து வரம்பால் வருகிற அந்த மிட்வைஃப் செய்த வேலை அது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் சகோதரர்கள் இந்தக் கரையில் வந்து இறங்கி ஓலைக் கொட்டில்களில் இருந்தபோதும் கர்ப்பிணிகளைத் தேடி வந்தது அந்தக் கொப்பிதான். அம்புலன்ஸுக்கு இப்போது 1990 என்ற நம்பர். அது அவசரத்துக்கு வைத்த எண். ஆனாலும் அதை அழுத்தும்போதெல்லாம் எங்களில் சிலருக்கு வேறொரு நினைவும் வந்து போகும்.

1951இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், 1977இல் அதுவும் போனது. அதே 1971இல்தான் பேராசிரியர் சேனக பிபிலே முதல் தலைவராக இருந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கினார். கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல், மருந்தின் பெயரைச் சொல்லி மொத்தமாக வாங்கு என்பதுதான் அவர் கணக்கு. ஒசுசலவில் மருந்து மலிவாகக் கிடைக்கும்போது அவருக்கு ஒரு நன்றி போகலாம். நம்மவர்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழிலும் சமூக சேவையும் ரி.பி. ஜாயாவின் கையில் இருந்தன. பதியுதீன் மஹ்மூதைக் கல்வி அமைச்சராகத்தான் நமக்குத் தெரியும், எங்களைப் போன்ற ஆசிரியர்கள் அவரை அப்படித்தான் சொல்லி வளர்ந்தோம். 1963இலிருந்து அவர் சுகாதார அமைச்சராகவும் இருந்தார்.

ஆகவே அந்த ஸ்டாப் ரூம் பேச்சுக்கு எங்கள் பதில் இது. அந்தக் கட்டில் நம்முடையது. நம் வாப்பாமார் தேங்காயிலும் கருவாட்டிலும் கட்டிய வரி, சீனிக்கும் மாவுக்கும் இன்றும் நாம் கட்டுகிற வரி அதில் இருக்கிறது. யாரும் அங்கே தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை.

ஆனால் கட்டில் மட்டும்தான் இலவசம். கட்டிலைச் சுற்றியுள்ள எதையும் யாரும் கட்டவில்லை. இந்த அமைப்பு முழுக்கப் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் விபத்துக்குமாக உருவானது. வருவாய், படுப்பாய், சுகமாவாய் அல்லது மௌத்தாவாய். இப்போதைய வருத்தங்கள் அப்படி இல்லை. மாளிகாவத்தையில் சிறுநீரகம் என்றால் வருடக் கணக்கு. மஹரகம என்றால் மாதக் கணக்கு. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கிற ஒருவருக்குச் சிகிச்சை என்பது கட்டிலில் படுக்கிற நாலு மணித்தியாலம் மட்டுமா? பஸ், துணைக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்குச் சாப்பாடு, அவர் இழக்கிற நாட்கூலி, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க இன்னொரு ஆள். 1939இல் ஏழைகள் சட்டம் என்று ஒன்று போட்டு, கொழும்பு, கண்டி, காலி நகரங்களின் ஏழைகளைப் பார்க்கும் பொறுப்பை மாநகர சபைகளிடம் கொடுத்தார்கள். நகரத்துக்கு வெளியிலிருந்து வருத்தத்தோடு வருகிறவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இவ்வளவு காலமும் அதைச் சொந்தபந்தம் பார்த்தது. மருதானையில் ஒரு மாமி, தெமட்டகொடையில் ஒரு சாச்சா. அந்தச் சின்ன வீடுகளில் நமக்கு எத்தனை பேர் பாய் விரித்துத் தந்தார்கள்! அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. இன்று அவர்களே மாடி வீட்டுத் தொடரில் இரண்டு அறைக்குள் இருக்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு வாரம் ஒருவரை வைத்துச் சாப்பாடு கொடுப்பதும் சின்ன விஷயம் இல்லை. அந்த நெருக்கடியில் மருந்தும் இல்லாமல் போய், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிய நாட்களும் வந்தன. டாக்டர்மாரும் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். எங்களுக்காவது மாதச் சம்பளத்தில் கழிகிற அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. கடலுக்குப் போகிற வாப்பாவுக்கு அது கிடையாது.

சனம் சேர்ந்தால் செய்ய முடியாத விஷயமும் இல்லை. மஹரகமவுக்கு பெட் ஸ்கேனர் வாங்க 2016இல் ஒரு முயற்சி தொடங்கியது ஞாபகம் இருக்கும். மகனுக்குப் புற்றுநோய் வந்ததைப் பார்த்த ஒரு வாப்பா, கதீஜா பவுண்டேஷன் மூலம் கேட்டார். இன மத பேதமில்லாமல் நாடே கொடுத்தது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக 2011இல் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை நடந்தார்கள், 2013இல் ஆஸ்பத்திரி திறந்தது. இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் கொடுக்க மனது வருகிறது. பஸ் காசுக்கும் பாய்க்கும் கேட்டால்தான் யோசிக்கிறோம். அதில் பெயர் பொறிக்க இடமில்லை என்பதாலோ என்னவோ.

ஒரு விஷயத்தைக் கோபிக்காமல் கேளுங்கள். ஊரில் ஒருவர் மௌத்தானால் நம் ஜமாஅத்தைப் போல வேகமாக இயங்குகிற அமைப்பு வேறு இல்லை. பத்து நிமிடத்தில் பள்ளி ஸ்பீக்கரில் அறிவிப்பு. சந்தூக்கு வருகிறது, கபன் வருகிறது, குழி வெட்ட இளைஞர்கள் வருகிறார்கள். அந்த வீட்டார் ஒரு ரூபாயும் தேட வேண்டியதில்லை. அதே ஆள் ஆறு மாதம் முன்பு உயிரோடு கிளினிக் போக வேன் தேடியபோது நாம் எங்கே இருந்தோம்? நோயாளியை நலம் விசாரிப்பதும் சுன்னத்துத்தான். ஆனால் நாம் செய்வது என்ன? ஒரு வேன் நிறையப் பதினான்கு பேர் கொழும்புக்குப் போய், வார்ட்டில் பத்து நிமிடம் நின்று, ஹோர்லிக்ஸும் அப்பிளும் வைத்துவிட்டு, வரும் வழியில் புறக்கோட்டையில் துணி எடுத்துக்கொண்டு வருகிறோம். அந்த ஒரு வேன் வாடகையில் அந்த நோயாளி எத்தனை கிளினிக் போய் வந்திருப்பார் என்று கணக்குப் பாருங்கள். எங்களையும் சேர்த்தேதான் சொல்கிறோம், எங்கள் ஸ்டாப் ரூமும் அப்படிப் போயிருக்கிறது.

அரசாங்கத்திடம் கிடைக்கிறதையும் முழுதாக எடுப்பதில்லை. சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்க முன்பு கொழும்புக்கே அலைய வேண்டும். 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், நமக்குக் கல்பிட்டிப் பிரதேச செயலகம். சிறுநீரக நோயாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கும் அங்கேதான் போக வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாததால் விட்டவர்கள் இருக்கிறார்கள். படிவம் நிரப்புவது எங்கள் தொழிலில் பாதி. எந்தப் பாடசாலை நாளிலும் இடைவேளையில் வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

வருகிற வியாழன் அஸருக்குப் பிறகு பள்ளி வெளி மண்டபத்தில் கொஞ்சப் பேர் சந்திக்கிறோம். பெரிய கூட்டம் இல்லை, பேச்சாளர் இல்லை. ஒரு கொப்பி வைக்கிறோம். அதில் நோயாளியின் பெயரோ வருத்தமோ வேண்டாம், யாரும் கேட்கவும் கூடாது. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் திகதி, துணைக்கு ஆள் உண்டா இல்லையா, இந்த மூன்றும் போதும். ஒரே செவ்வாய்க்கிழமை மஹரகமவுக்கு நம் ஊரிலிருந்து நாலு பேர் நாலு பஸ்ஸில் போகிறார்கள் என்று எங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது. ஒரு வேனில் போகலாம். வேன் வைத்திருக்கிற தம்பிமார் இரண்டு பேர் டீசல் மட்டும் போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். மஹரகம, மருதானைப் பக்கம் நோயாளியோடு வருகிறவர் தங்க நம்பிக்கையான இடம் தெரிந்தவர்கள் கமெண்டில் போடாமல் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பெண்களுக்குத் துணைக்குப் போகத் தயாராக இருக்கிற பெண்கள் டீச்சர்மாரிடம் பெயர் கொடுங்கள்.

கொப்பி வாங்கியாயிற்று. 80 பக்கம்.